மஞ்சள் கிரேனும் சிவப்புக் கிரேனும்

அந்த நகரத்தின் ஒரு கோடியில் மழை கொட்டும்போது மறுகோடியில் துணி காய்ந்துகொண்டிருக்கும். அவ்வளவு பெரிய ஊர். பெரியதாக இருப்பதோடு நின்றதா? நாளொரு பாலமும் பொழுதொரு மாடியுமாக வளர்ந்துகொண்டே வேறு இருந்தது. காலையில் பள்ளமாகக் கிடந்த இடத்தில் மாலையில் தூண் நிற்கும். மறுநாள் அந்தத் தூணின் தலைமேல் ரயில் ஓடினாலும் யாரும் அண்ணாந்து பார்க்க மாட்டார்கள். அவரவர் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் அவரவருக்கு. இடப்பக்கம் திரும்பக் கூடாது, வலப்பக்கம் திரும்பக் கூடாது, நேரே போகவும் கூடாது என்று பலகை வைத்த ஒரு சந்திப்பில் மாட்டிக்கொண்ட லாரிக்காரர், வேறு வழியில்லாமல் மனைவி மக்களை அங்கேயே வரவழைத்துக் குடித்தனம் போட்டுவிட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. லாரிக்காரர் பொய்யாக இருக்கலாம். சந்திப்பு மெய்.

இந்த ஊரைத் தூக்கி நிறுத்தியவர்களில் ஒருவன் ஏணி.

ஏணி என்றால் மனிதன்தான். நெடுநெடுவென்று, ஒல்லியாக, வாசல்களில் குனிந்து குனிந்து பழகிப்போய் வெட்டவெளியிலும் கொஞ்சம் குனிந்தே நடப்பவன். டவர் கிரேன் ஓட்டுபவன். அடுக்குமாடி வீடுகள் கட்டுகிற இடத்தில் மஞ்சள் நிறத்தில் வானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்குமே, அதன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் இவன். கோபுரத்தின் வயிற்றுக்குள்ளேயே படிக்கம்பிகள் போகும். காலையில் சாப்பிட்டுவிட்டு ஏறத் தொடங்கினால் மேலே போய்ச் சேரும்போது மறுபடி பசிக்கும். அதனால் இரண்டு வேளைச் சாப்பாட்டைத் தோளில் மாட்டிக்கொண்டே ஏறுவான். கீழே வேலை செய்பவர்கள் கம்பிக்கட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டு, "மேல இருக்கறவன் பாத்துப்பான்" என்று பெருமூச்சு விடுவார்கள். பிறகு சந்தேகம் வந்து அண்ணாந்து, "டேய் ஏணி, பாத்துக்கடா!" என்றும் ஒரு சத்தம் போட்டுவைப்பார்கள்.

மேலே இருந்து பார்த்தால் ஊர் அவனுக்கு அத்துப்படி. எந்த மாடியில் எந்த நிறத் தண்ணீர்த் தொட்டி, எந்தப் பாலத்தில் எப்போது வண்டி தேங்கும், எந்தக் கட்டடத்தின் மொட்டைமாடியில் அலுவலக நேரத்தில் யார் தூங்குகிறார்கள் என்பதெல்லாம் சொல்லுவான். ஆனால் தரையில் இறக்கிவிட்டால் அம்போ. சுவரும் கடையும் மனிதர்களின் முதுகும்தான் தெரியும், திசை தெரியாது. வீட்டிலிருந்து வேலைக்கு ஒரு பஸ், வேலையிலிருந்து வீட்டுக்கு அதே பஸ். அதைத் தாண்டினால் அவன் குழந்தை. ஒருமுறை பக்கத்துத் தெருவுக்குப் பால் வாங்கப் போனவன் திரும்பி வந்தபோது பால் தயிராகியிருந்தது என்று அவனுடைய அக்கா இன்றைக்கும் சத்தியம் செய்வாள். அக்கா வீட்டில்தான் அவன் இருந்தான். அக்காவின் கணவர், அவனுக்கு மாமா, டாக்ஸி ஓட்டுகிறவர். ஊரெல்லாம் அவருடைய விரல் நுனியில். மைத்துனன் இப்படி இருப்பது அவருக்குத் தொழில்முறையிலேயே அவமானம்.

தரையில் நின்று வாக்கி டாக்கியில் ஏணிக்கு வழிசொல்பவர் சிக்னல் அண்ணன். ஆள் குண்டு, குரல் அதைவிடக் குண்டு. ஒரு நாள் காலை அவர் "தூக்கு" என்று சொல்லி வாயை மூடவில்லை, பெட்டியிலிருந்து வேறொரு குரல் வந்தது.

"நான் தூக்க மாட்டேன். கட்டு ஒரு பக்கமா சாயுது. அவுத்துத் திரும்பக் கட்டுங்க."

கொஞ்சம் கரகரப்பான, கண்டிப்பான, பெண் குரல். சிக்னல் அண்ணன் திடுக்கிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"டேய் ஏணி, என்னடா ஆச்சு உன் குரலுக்கு? சளி பிடிச்சிருக்கா?"

"நான் பேசலண்ணே!"

"யாருங்க அது, எங்க லைன்ல வந்து ஏணி ஏணின்னு கத்தறது?" என்றது பெட்டி. "இங்க நாங்க கிரேன் வச்சிருக்கோம். ஏணியெல்லாம் வேண்டாம்."

ஏணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பித்தானை அழுத்தி, "ஏணி நான்தாங்க. நானும் கிரேன்தான். மஞ்சள் கிரேன். நீங்க எங்க இருக்கீங்க?" என்றான்.

கொஞ்ச நேரம் கரகரவென்ற இரைச்சல். பிறகு, "வடக்குப் பக்கம் பாருங்க. சிவப்பு. கையை ஆட்டறேன்."

பார்த்தான். ஊருக்கு அந்தப் பக்கம், புகைக்கும் கட்டடங்களுக்கும் பின்னால், குச்சி மாதிரி ஒரு சிவப்புக் கிரேன். மெட்ரோ ரயிலுக்குப் பணிமனை கட்டுகிற இடம். அதன் நீண்ட கை மெல்ல இடப்பக்கம் போயிற்று, வலப்பக்கம் வந்தது. ஏணியும் தன் கிரேனின் கையை இடமும் வலமும் ஆட்டினான். இரண்டு பக்கமும் அத்தனை டன் இரும்பு அசைந்தது. அந்த ஊரில் அதுவரை யாரும் யாருக்கும் அவ்வளவு பெரிய கையை ஆட்டி வணக்கம் சொன்னதில்லை.

"என்னடா பண்றே?" என்று கீழேயிருந்து கேட்டார் சிக்னல் அண்ணன்.

"காத்துண்ணே."

"இலை கூட ஆடலையேடா!"

அன்று தொடங்கியது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேலை நிற்கும். கூண்டை விட்டு இறங்கி ஏறினால் சாப்பிட நேரம் இருக்காது என்பதால் கிரேன்காரர்கள் மேலேயே சாப்பிடுவார்கள். இவனும் அவளும் யாரும் பேசாத ஒரு அலைவரிசைக்குப் பெட்டியைத் திருப்பிக்கொண்டு பேசினார்கள். அவன் மஞ்சள், அவள் சிவப்பு. பெயர் கேட்கவில்லை. கேட்டால் ஏதோ உடைந்துவிடும் போல இருந்தது. அவளுடைய அப்பா லாரி பழுதுபார்ப்பவர் என்பதும், சின்ன வயதில் அவள் ஏறாத மரமும் வாங்காத அடியும் இல்லை என்பதும், அவளைப் பெண் பார்க்க வந்த ஒருவன் "கிரேன் ஓட்டற பொண்ணு கோபம் வந்தா என்னைத் தூக்கிப் போட்டுட்டா?" என்று கேட்டு எழுந்து போனான் என்பதும் ஏணிக்குத் தெரியும். அவள் சிரிக்கும்போது மட்டும் குரல் நடுவில் உடையும் என்பது தெரியும். முகம் மட்டும் தெரியாது. அவ்வளவு தூரத்தில் கூண்டே கடுகளவு. முகத்தை எங்கே பார்ப்பது?

இப்படி ஆனந்தமாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை சிவப்பு சொன்னாள்:

"இங்க வேலை முடிஞ்சுது. திங்கட்கிழமை என் கிரேனைக் கழட்டறாங்க. மறுநாள் என்னை வேற ஊருக்கு அனுப்பறாங்க."

ஏணியின் வாயில் இருந்த கவளம் அப்படியே நின்றது. வேறு ஊர் என்றால் இந்தப் பெட்டி அங்கே எட்டாது. கிரேன் போனால் குரல் போச்சு. குரல் போனால் அவளைக் கண்டுபிடிக்க இவனிடம் என்ன இருக்கிறது? பெயரில்லை, முகமில்லை, முகவரியில்லை.

"அப்ப போன் நம்பர் சொல்லுங்க" என்றான்.

"இதுலயா? உங்க சிக்னல் அண்ணன், எங்க வாட்ச்மேன், போற வர்ற லாரிக்காரன், எல்லாரும் குறிச்சுக்குவாங்க."

"நாங்க குறிச்சுக்க மாட்டோம்மா, நீ சொல்லும்மா" என்றது பெட்டிக்குள் எவனோ ஒருவனின் குரல்.

"பாத்தீங்களா!" என்றாள் சிவப்பு. குரல் உடைந்தது. பிறகு இறக்கிப் பேசினாள். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நேர்ல வாங்க. நம்பர், பேரு எல்லாம் அங்கதான். இடத்தைக் கூட மேல இருக்கறவங்களுக்கு மட்டும் புரியற மாதிரி சொல்றேன். உங்களுக்கும் எனக்கும் நடுவுல ஒரு பச்சை வட்டம் தெரியுதா?"

தெரியாமல் என்ன? தினமும் பார்ப்பதுதான். ஊரின் நடுவில், சாம்பல் நிறக் கூரைகளுக்கு இடையில், பளிச்சென்று பச்சையாக, பெரிய வட்டம். "பூங்காதானே? வெள்ளை வெள்ளையா புள்ளி இருக்குமே. பெஞ்சு."

"நான் வாத்துன்னு நெனச்சேன்."

"நகரவே இல்லையே."

"சோம்பேறி வாத்து. அங்கதான். நான் சிவப்புல வருவேன், நீங்க மஞ்சள்ல வாங்க. வரலைன்னா அவ்வளவுதான் பாத்துக்கங்க, செவ்வாய்க்கிழமை நான் ரயில் ஏறிடுவேன்."

ஒட்டுக்கேட்டவன் "எந்தப் பூங்காங்க?" என்று பரிதாபமாகக் கேட்டான். இருவரும் பெட்டியை அணைத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியமே ஏணி கிளம்பி நின்றான். மஞ்சள் சட்டை. அக்கா அவனைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"என்னடா இது? ரோடு போடற வேலைக்கு மாறிட்டியா?"

"ஒருத்தரைப் பாக்கப் போறேன்க்கா."

"ஒருத்தரையா, ஒருத்தியையா?"

ஏணியின் காது சிவந்தது. அக்காவுக்கு அது போதும். சட்டையை உருவி வாங்கித் திரும்ப இஸ்திரி போட்டாள். தலையைச் சீவிவிட்டாள், அதுவும் ஸ்டூல் மேல் ஏறி நின்று. மாமா சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டு வந்தார். அவருக்கு விமான நிலையத்துக்குச் சவாரி இருந்தது, கூட்டிப்போக முடியாது.

"எங்க போகணும் சொல்லு, வழி சொல்றேன்."

"வட்டமா ஒரு பூங்கா, மாமா. பச்சையா."

"பூங்கா பச்சையாத்தான் இருக்கும். பேரு?"

"மேலேர்ந்து பாத்தா பேரு தெரியாது மாமா."

மாமா கண்ணை மூடி ஊரையே ஒருமுறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தார். "எனக்குத் தெரிஞ்சு இந்த ஊர்ல வட்டமா இருக்கறது ரவுண்டானாவும் உங்க அக்கா முகமும்தான்" என்றார். அக்காவின் கையில் இஸ்திரிப் பெட்டி இருந்ததால் உடனே வாசலுக்குப் போய் நின்றுகொண்டு மீதியைச் சொன்னார். "ஊருக்கு நடுவுலன்னா மெட்ரோ பிடி. ரயில் எங்க நிக்குதோ அங்க இறங்கு. அதுக்கு மேல பாதை இன்னும் போடல. இணைப்பு பஸ் வரும். அது எங்க கொண்டு விடுதோ அங்க இறங்கிக் கேளு. யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

மெட்ரோ முதலில் தூண்களின் மேல் போயிற்று. ஏணிக்கு உயிர் வந்தது! கதவுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தான். கூரைகள், தொட்டிகள், இந்தப் பக்கம் மஞ்சள் கிரேன், அந்தப் பக்கம் சிவப்புக் கிரேன், நடுவில், இதோ, பச்சை வட்டம்! "அதோ!" என்று கத்தியே விட்டான். பக்கத்தில் நின்ற அம்மா பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். வட்டம் நெருங்கி வந்தது, பெரிதாகி வந்தது, இன்னும் கொஞ்சம் வந்தால் கையால் தொட்டுவிடலாம் என்கிற நேரத்தில் ரயில் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டது. கண்ணாடியில் இப்போது இவன் முகம்தான் தெரிந்தது. வாய் திறந்திருந்தது.

ரயில் நின்றது. அந்த நிலையத்துக்கு எத்தனை வாசல்கள்! எல்லா வாசலிலும் அம்புக்குறி. ஒவ்வொரு அம்பும் இன்னொரு அம்பைக் காட்டியது. சுற்றிச் சுற்றி ஒருவழியாக மேலே வந்து இணைப்பு பஸ்ஸில் தொற்றிக்கொண்டான். ஜன்னலுக்கு வெளியே தகரத் தடுப்பு, தகரத் தடுப்பு, இன்னும் தகரத் தடுப்பு. தடுப்புகளில் எல்லாம் மரமும் பறவையும் வரைந்து, இங்கே எதிர்காலம் வருகிறது என்று எழுதியிருந்தார்கள். கடைசியில் பஸ் ஒரு பெரிய பேருந்து நிலையத்துக்குள் நுழைந்தது. தலைக்கு மேலே பிரம்மாண்டமான கூரை; கீழே இருட்டும் புகையும் ஹாரன் சத்தமும். ஏணி இறங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தான்.

பழச்சாறு பிழிந்துகொண்டிருந்தவரிடம் கேட்டான். "இங்க வட்டமா ஒரு பூங்கா இருக்கா?"

"சதுரமா ஒண்ணு இருக்கு. பரவாயில்லையா?"

"வட்டம்தாங்க வேணும். நடுவுல வாத்து... இல்ல, பெஞ்சு இருக்கும்."

"தம்பி, வாத்தா பெஞ்சான்னே தெரியாம என்ன தேடறே?"

அடுத்து செருப்புக் கடை. அடுத்து ஒரு போக்குவரத்துக் காவலர். அவர் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே "அந்தப் பக்கம்" என்று கையை நீட்டிவிட்டார். அந்தப் பக்கம் போனால் பாலத்தின் அடி. போனில் வரைபடம் போட்டுப் பார்த்தான். அதில் பச்சையாக இருந்தவை எல்லாம் நீள்சதுரம், முக்கோணம், ஒன்று வாழைப்பழம் போல. வட்டம் மட்டும் இல்லை. அவன் நின்ற இடத்திலேயே சுழல்வதைப் பார்த்து வரைபடமும் குழம்பிப்போய்ச் சுழன்றது.

நடந்தான். ஓடினான். நீளமான ஒரு சாம்பல் நிறச் சுவர் பக்கத்திலேயே கூட வந்தது. எவ்வளவு போனாலும் அந்தச் சுவர் முடியவில்லை. போய்ப் போய்ப் பார்த்தால் மறுபடி பழச்சாறுக்காரர்.

"கிடைச்சுதா?" என்றார் அவர்.

சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. எங்கேயோ ஒரு பூங்காவில், சிவப்பு உடுப்பில் ஒருத்தி, வாத்துகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு, "இவனும் அவ்வளவுதான்" என்று எழுந்து போவாள். நாளைக்குக் கிரேனைக் கழற்றுவார்கள். நினைக்க நினைக்க ஏணிக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணாந்து பார்த்தான், கண்ணீர் விழாமல் இருக்க. எதிரே ஒரு வணிக வளாகம். அதன் உச்சியில் அடுக்கடுக்காகக் கார் நிறுத்தும் தளங்கள்.

அட முட்டாளே என்று தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டான். மேலே இருந்து பார்த்த இடத்தைத் தேட வேண்டியது மேலே இருந்துதானே!

லிப்ட் வரும்வரை யார் காத்திருப்பது? படிகளில் தாவினான். ஏறுவதற்கு அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? உச்சித் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே காவலுக்கு இருந்தவர் வழிமறித்தார்.

"கார் எங்க?"

"காரைத் தேடலீங்க. ஒரு பொண்ணைத் தேடறேன்!"

"அதை எந்தத் தளத்துல நிறுத்தினேன்னு ஞாபகம் இல்லையா?" என்றார் காவலாளி. ஆனால் இவன் முகத்தைப் பார்த்து வழியை விட்டார்.

ஏணி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தான். ஊர் அப்படியே படபடவென்று அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. அதோ மஞ்சள் கிரேன். அதோ சிவப்பு. விடுமுறை நாளில் கிரேனின் கையைப் பூட்டாமல் காற்றோடு திரும்பும்படி விட்டுவைப்பது வழக்கம். இன்றைய காற்றில் இரண்டும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நின்றன. நேர் கீழே, காலடியில், பச்சை வட்டம்! பெரிய, பளபளப்பான, பச்சைப் பெயின்ட் அடித்த தகரக் கூரை. வெள்ளை வெள்ளையாக அதில் இருந்தவை பெஞ்சும் இல்லை, வாத்தும் இல்லை, புகை வெளியேற வைத்த காற்றுப் போக்கிகள். அவன் எந்தப் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கினானோ, எந்தச் சுவரைச் சுற்றிச் சுற்றி ஓடினானோ, அதன் தலைதான் அந்தப் பூங்கா. சந்திக்க வேண்டிய இடத்திலேயே வந்து இறங்கிவிட்டு, அதை விட்டு வெளியே ஓடியிருக்கிறான்!

சிரிப்பு வந்தது. சிரிப்பதற்குள் இன்னொன்று தோன்றியது. அப்படியானால் அவள் எங்கே? அவளும் பூங்காவைத்தானே தேடியிருப்பாள்? அவளும் கிரேன்காரிதானே? தேடி அலைந்து கடைசியில் அவளுக்கும் என்ன தோன்றியிருக்கும்?

தலையை நிமிர்த்தினான். கூரைக்கு அந்தப் பக்கம் ஒரு ஓட்டல். அதன் மொட்டைமாடியில் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் வரிசை வரிசையாகக் காய்ந்தன. அவற்றின் நடுவில், சுவரோரம், சிவப்பாக ஒரு ஆள்!

ஏணி குதித்தான். "சிவப்பு!" என்று கத்தினான். கீழே இருந்த ஹாரன் சத்தத்தில் அது அவன் காதிலேயே விழவில்லை. ஆனால் அந்தச் சிவப்பும் குதித்தது! குதித்து, வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, முன்னும் பின்னும் வீசியது.

கிரேன் வேலையில் வாக்கி டாக்கி கெட்டுப்போனால் கையால்தான் பேச வேண்டும். அப்படிக் கையை வீசினால் "நில்" என்று அர்த்தம். நீ நில், நான் வருகிறேன் என்கிறாள்! அதே நேரத்தில் ஏணியும், யோசிக்காமல், அதே கையை அதே மாதிரி வீசியிருந்தான்.

கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு குணம் உண்டு. "நில்" என்ற சைகையைப் பார்த்தால் நின்றுவிடுவார்கள். யார் காட்டினாலும், எதற்குக் காட்டினாலும், கேள்வி கேட்காமல் நிற்பார்கள். இல்லையென்றால் யார் தலையிலாவது இரும்பு விழும். ஏணி நின்றான். அவளும் நின்றாள். அவள் வருவாள் என்று இவன் நிற்க, இவன் வருவான் என்று அவள் நிற்க, சூரியன் மட்டும் தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏன் ரெண்டு பேரும் சிலை மாதிரி நிக்கறீங்க?" என்றார் காவலாளி. அவருக்கும் சுவாரசியம் தட்டிவிட்டது.

"நிக்கச் சொல்லிட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"நானும் நிக்கச் சொன்னேன்."

"நல்லா விளங்கும்!"

அப்போதுதான் உறைத்தது. ஏணி கையைத் தாழ்த்தி, விரலால் தரையைக் காட்டிச் சின்னச் சின்ன வட்டம் போட்டான்: இறக்கு, கீழே வா. அங்கே அவளும் அதையே போட்டுக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரே சமயத்தில் படிக்குப் பாய்ந்தார்கள்.

கீழே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பஸ்ஸிலிருந்து கொட்டுகிறவர்கள், பஸ்ஸுக்குள் ஏற முட்டுகிறவர்கள். எத்தனை சிவப்பு அந்தக் கூட்டத்தில்! சிவப்புச் சட்டை, சிவப்புப் பை, சிவப்பு பலூன். ஏணி ஒவ்வொரு சிவப்பின் பின்னாலும் ஓடி, ஒவ்வொன்றிடமும் முறைப்பு வாங்கி, நேரே ஓட்டலுக்குள் புகுந்து மாடிப்படிகளில் ஏறி விரிப்புகளுக்கு நடுவில் போய் விழுந்தான். அங்கே சலவைக்காரம்மா ஒருத்தி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இப்பத்தான் ஒரு பொண்ணு விழுந்தடிச்சு இறங்கிப் போச்சு. இப்ப நீ விழுந்தடிச்சு ஏறி வர்றே. இது மொட்டைமாடியா, பஸ் ஸ்டாண்டா?"

ஏணி சுவரோரம் ஓடினான். எதிர் மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கார் நிறுத்தும் தளத்தில், காவலாளிக்குப் பக்கத்தில், சிவப்பு நின்றது. காவலாளி இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொள்வது இங்கே வரை தெரிந்தது.

மறுபடி ஓடலாமா? ஓடினால் அவளும் ஓடி வருவாள். நின்றால் அவளும் நிற்பாள். இப்படியே செவ்வாய்க்கிழமை வந்துவிடும். ஏணி ஒரு நிமிடம் யோசித்தான். வேலையிடத்தில் இந்தக் குழப்பம் ஏன் வருவதில்லை? ஏனென்றால் அங்கே சைகை காட்டுவது ஒரே ஒருவர். இருவர் காட்டினால் வேலையையே நிறுத்திவிடுவார்கள்.

ஏணி தன் நீண்ட கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். அவள் பார்க்கும்படி சுவர் விளிம்புக்கு வந்து, பக்கவாட்டில் திரும்பியும் காட்டினான். எனக்குக் கையே இல்லை. நீதான் சிக்னல். நீ சொல்கிறபடி.

எதிர்மாடியில் சிவப்பு கொஞ்ச நேரம் அசையாமல் பார்த்தது. பிறகு மெதுவாக, சந்தேகத்துக்கு இடமே இல்லாமல், வலது கையை நீட்டி வீசியது. நில்.

நின்றான். அவள் மறைந்தாள்.

"அந்தப் பொண்ணு வருதா?" என்றாள் சலவைக்காரம்மா.

"வருது."

"அதுவரைக்கும் சும்மா நிக்கறதுக்கு இதைப் பிடி." ஒரு விரிப்பின் இரண்டு முனைகளை அவன் கையில் திணித்தாள். "இழு. ஆளு உயரமா இருக்கறது இதுக்காவது உதவட்டும்."

இழுத்தான், மடித்தான், கொடுத்தான். காது மட்டும் படிக்கட்டில் இருந்தது. ஒரு விரிப்பு முடிந்தது. இன்னொன்று முடிந்தது. அடுத்ததைப் பாதி பிரித்திருந்தபோது படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டு, கதவு டமார் என்று திறந்து, ஒருத்தி வந்து நின்றாள். குட்டையாக, சுருட்டை முடியாக, சிவப்பு உடுப்பில், வேர்த்துக் கொட்டிக்கொண்டு. வந்தவள் மூச்சுவிடாமல் அவனைக் கீழிருந்து மேலாகப் பார்த்தாள். பார்த்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"குரல் குடுங்க" என்றாள். "குரல் கேட்டாத்தான் நம்புவேன்."

ஏணி விரிப்பின் முனையைப் பிடித்தபடி தலையை மட்டும் ஆட்டினான். சலவைக்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "பேசித் தொலையேன்யா, பொண்ணு கேக்குதில்ல!"

"நான்... நான்தாங்க" என்றான் ஏணி.

அவள் சிரித்தாள். குரல் நடுவில் உடைந்தது. அதே உடைசல்! பெட்டிக்குள் மதியச் சாப்பாட்டுக்கு நடுவே கேட்ட அதே சிரிப்பு, இப்போது பல்லும் கண்ணும் வைத்துக்கொண்டு எதிரே நின்றது.

சலவைக்காரம்மா தன் கையில் இருந்த முனைகளை அவளிடம் கொடுத்துவிட்டு, "இதை மடிச்சு வைங்க. நான் தண்ணி குடிச்சுட்டு வர்றேன்" என்று இறங்கிப் போய்விட்டாள். ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க அந்த அம்மாள் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு கிணறே தோண்டியிருக்கலாம்.

இருவரும் விரிப்பின் இரண்டு கோடியில் நின்றார்கள். இழுத்தார்கள். நீளவாக்கில் மடித்தார்கள். முனையோடு முனை சேர்க்க ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தார்கள். விரல்கள் பட்டதும் இருவரும் சொல்லிவைத்தாற்போல் பின்வாங்கினார்கள். மறுபடி மடிப்பு. இந்தமுறை நடக்க வேண்டிய தூரம் பாதிதான். அடுத்தமுறை அதிலும் பாதி. கடைசியில் விரிப்பு ஒரு தலையணை அளவுக்குச் சுருங்கி இருவர் கையிலும் இருந்தது; விடத்தான் யாருக்கும் மனமில்லை. எதிர் மாடியிலிருந்து காவலாளி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். கிரேன் பாஷையில் அதற்கு அர்த்தம் இல்லை.

பெயரும் நம்பரும் பேருந்து நிலையத்துக்கு நடக்கும்போதே கைமாறின. பச்சைக் கூரைக்கு அடியில் ஒரு பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. எங்கே போகிறது என்று பார்க்காமலே ஏறி உட்கார்ந்தார்கள். கண்டக்டர் வந்தார்.

"எங்க போகணும்?"

இவன் அவளைப் பார்த்தான். அவள் இவனைப் பார்த்தாள்.

"கடைசி ஸ்டாப்" என்றாள் அவள்.

"கடைசி ஸ்டாப்பா? இது ஊரையே சுத்தற பஸ்ஸுங்க. புதுசா போட்ட ரோடு, பழைய ரோடு, பாலம், பாலத்துக்கு அடி, எல்லாம் போகும். போய்ச் சேர ரொம்ப நேரம் ஆகும், இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் என்கிட்ட சண்டைக்கு வரக்கூடாது."

"பரவாயில்லங்க!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

பஸ் வெளிச்சத்துக்குள் திரும்பியது. இருபுறமும் தூண்களும் சாரங்களும் பாதி எழும்பிய மாடிகளும் ஓடத் தொடங்கின. சிவப்பு ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள்.

"நாமதானே கட்டினோம்" என்றாள். "இன்னும் கொஞ்சம் நீளமா கட்டியிருக்கலாம் இந்த ஊரை."